பூட்டுறதுக்கு முந்தி முள்ளைப் பாரு

வா எய்யா, வா. சிவகாசியில இருந்து இம்புட்டு வெள்ளனே பஸ் ஏறி வந்திருக்கேன்னா ஒண்ணு பணம் வேணும், இல்லேன்னா எதையோ ஒடச்சிருக்கணும். தோள்ல கெடக்குற பையைப் பாத்தா ரெண்டாவது மாதிரித் தெரியுது. திண்ணையில வை. அங்கிட்டு வெயில் அடிக்கும், இங்கிட்டு வை. வெயிலுக்குன்னு பொறந்தது மொளகா வத்தல்தான், கிட்டார் இல்ல.

என்ன, சுருதி நிக்க மாட்டேங்குதா? பேஷ். மதுரைக்குப் போயி ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல அழுதுட்டு இதைத் தூக்கிட்டு வந்தியே, அன்னைக்கு என்னடா சொன்ன? "தாத்தா, இது பூட்டு வச்ச கிட்டாரு, சுருதி அசையவே அசையாது"ன்ன. நானும் வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டிருந்தேன். திருடன் உள்ள படுத்திருக்கையில வீட்டைப் பூட்டினா, பூட்டு என்ன செய்யும்? அவனையும் சேத்துப் பத்திரமாக் காவல் காக்கும்.

அதே கடையில ஆடாத பிரிட்ஜ் வச்ச கிட்டாரும் தொங்கிக்கிட்டுத்தான் இருந்திருக்கும். அதை வாங்கியிருந்தா ஆறு முறுக்காணியைத் திருகிட்டுச் சோத்துக்குப் போயிருக்கலாம். உனக்கு இந்த ஆட்டுற கம்பி மேல கண்ணு. தூக்கினா குதிரை கனைக்குதாம், அமுக்கினா குண்டு விழுதாம். அதுக்கு 'டைவ் பாம்'னு பேரு வேற. சிவகாசிக்காரனுக்குக் குண்டு போட அமெரிக்காக்காரன் சொல்லித்தரணுமாக்கும்! நம்மூர்ல ஒரு குண்டு செய்யணும்னா லைசென்ஸ் வேணும், ஷெட்டுக்கு ஷெட்டு இடைவெளி வேணும், வெடிபொருள் துறை ஆபீசர் வந்து பாக்கணும். நீ எந்த லைசென்சும் இல்லாம கோயில் வாசல்ல போட்டியே ஒரு குண்டு, அதுக்கு பெறகு வாரேன்.

மொதல்ல இந்தப் பூட்டைச் செஞ்ச மனுசன் கதையைக் கேளு. ஃபிளாய்ட் ரோஸ்னு பேரு. அவரும் உன்னை மாதிரி கிட்டார் வாசிச்சவர்தான். ஆனா உன்னை மாதிரி இல்ல, கைத்தொழில் ஒண்ணு தெரியும்: நகை வேலை. 1970கள்ல அவருக்கும் இதே நோவு. ஆட்டுற கம்பியை அமுக்கி விட்டா சுருதி போயிருது. ஏன் போகுது? கழுத்து முனையில நட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல, அந்தக் காடியில கம்பி வழுக்கிட்டுப் போகுது; திரும்பி வரயில பழைய எடத்துக்கு வரமாட்டேங்குது. அவர் பசையைப் போட்டு ஒட்டிப் பாத்தாரு. சரிப்படல. பெறகு தட்டாசாரி புத்தி வேலை செஞ்சிருக்கு. கம்பியை மேல ஒரு எடத்துலயும் கீழ ஒரு எடத்துலயும் கவ்விப் பிடிச்சிட்டா, நடுவுல எப்படி ஆடினாலும் வழுக்க வழியில்லைன்னு கண்டார். 1979-ல காப்புரிமை வந்துச்சு. எடி வான் ஹாலன்ங்கிற பெரிய கிட்டார்காரர் கையில ஏறின பெறகு ஊரெல்லாம் அதே பேச்சு.

ஆனா மேல பூட்டிட்டா முறுக்காணி செத்துப்போச்சே? அதுக்குத்தான் பின்னால, பிரிட்ஜ் வால்ல, ஆறு குட்டித் திருகாணி வச்சாங்க. அதைப் பாத்து நீ அதிசயப்பட்டப்ப நான் சிரிச்சேன்ல, ஏன்னு தெரியுமா? தஞ்சாவூர் வீணையில போயிப் பாரு. மேல பிருடை, அதுல பெரிய சுருதி. கீழ நாகபாசத்துக்கும் தந்திக்கும் நடுவுல லங்கர்னு ஒண்ணு இருக்கும், அதுல சின்ன வளையம். அதை நகத்தால தள்ளினா மயிரிழை ஏறும், மயிரிழை எறங்கும். பெரிய கணக்கு ஒரு பக்கம், சில்லறைக் கணக்கு இன்னொரு பக்கம். ஃபிளாய்ட் ரோசு வீணையைப் பாத்துச் செஞ்சாருன்னு நான் சொல்லல. புத்தியுள்ளவனுக்கு ரெண்டு ஊர்லயும் ஒரே மாதிரி தோணும்னு சொல்றேன்.

சரி, முதுகுப்பக்க மூடியைக் கழட்டு. ஸ்பிரிங் எத்தன? மூணு. இப்ப என்னைப் பாரு. நாப்பது வருசம் வத்தல் கமிஷன் கடையில தராசு பிடிச்சவன் நான். விருதுநகர்ல என்ன வெளையுது? ஒரு மண்ணும் வெளையல. வெளஞ்சதையெல்லாம் வாங்கி, எடை போட்டு, வித்து, அதுலயே ஊர் பெருசாச்சு. வத்தலு, மல்லி, பருப்பு, எண்ணெய்ன்னு பேப்பர்க்காரன் இன்னைக்கும் 'விருதுநகர் மார்க்கெட்'னு தனியா வெலை போடுறான். அதனால எதைப் பாத்தாலும் எனக்குத் தராசாத்தான் தெரியும். உன் கிட்டார் தராசேதான்.

இந்த பிரிட்ஜ் எது மேல உக்காந்திருக்கு? ரெண்டு ஆணி மேல, கத்தி முனையில. தராசுக்கோல் நடுவுலயும் கத்தி முனைதான். ஒரு தட்டுல ஆறு கம்பி இழுக்குது, இன்னொரு தட்டுல மூணு ஸ்பிரிங் இழுக்குது. ரெண்டும் சமமா நின்னா பிரிட்ஜ் மரத்துக்கு மட்டமா நிக்கும். அதான் முள் நடுவுல நிக்கிறது. வால் தூக்கிட்டு நிக்குதா, கம்பித்தட்டு கனம். வால் குழிக்குள்ள எறங்கிருச்சா, ஸ்பிரிங் தட்டு கனம். இம்புட்டுத்தான் எய்யா வேதம்.

என்ன கம்பி போட்ட? போன தடவை 9, இந்தத் தடவை 10. கூட்டாளி சொன்னான்னு. ஒரு அங்குலத்தை ஆயிரமாக் கூறு போட்டா அதுல ஒரே ஒரு கூறுதான் அதிகம், அதுல என்ன வந்துரப்போகுதுன்னு நெனச்சிட்ட. 9-ல ஆரம்பிக்கிற செட்டை வழக்கமான சுருதிக்கு ஏத்தினா ஆறு கம்பியும் சேந்து ஏறத்தாழ 38 கிலோ இழுக்கும். 10-ல ஆரம்பிக்கிற செட்டு 47 கிலோ பக்கம். ஒம்போது கிலோ! ஒம்போது கிலோ வத்தல் கூடக்கொறைய நின்னிருந்தா மொதலாளி என்னைக் காயவச்சு எடை போட்டிருப்பாரு. நீ இந்தத் தட்டுல ஒம்போது கிலோவை ஏத்திட்டு, அந்தத் தட்டைத் தொடவே இல்ல. பெறகு எப்படி வால் தூக்காம இருக்கும்? கம்பியெல்லாம் பரண்ல ஏறி உக்காந்திருக்கு, பாரு.

இன்னொரு கூத்து. ஆறு கம்பியையும் ஒரே மூச்சுல கழட்டினியே, கட்டில் கயிறை அவுக்கிற மாதிரி. ஸ்பிரிங் எல்லாம் 'அப்பாடா'ன்னு பிரிட்ஜை இழுத்துக் குழிக்குள்ள போட்டுச்சு, ஒண்ணு தெறிச்சு ஓடிச்சு. உங்க அப்பத்தா புளிப்பானைக்குள்ள ராத்திரி வரைக்கும் தேடினீங்க. ஒவ்வொண்ணாக் கழட்டி ஒவ்வொண்ணா மாட்டணும். இல்ல, எல்லாத்தையும் கழட்டித் துடைச்சே ஆகணும்னா, பிரிட்ஜ் வாலுக்கு அடியில எதையாச்சும் கொடுத்து மட்டமா நிறுத்தணும். வெளிநாட்டுல பழைய பேட்டரியை வைப்பாங்களாம். உனக்கென்ன, நாட்டுக்கே கேலண்டர் அட்டை போடுற ஊர்ல இருக்க. போன வருசத்து அட்டையை நாலு துண்டாக் கிழிச்சு அடுக்கு. ராகு காலம், எமகண்டம் எல்லாம் பாத்து நிறுத்தின மாதிரியும் இருக்கும்.

கம்பி நுனியில இருக்குற பித்தளை உருண்டையை வெட்டி எறிஞ்சிட்டு, வெட்டுன முனையைக் கீழ உள்ள கவ்வுக்குள்ள விட்டு ஆலன் கீயால இறுக்கு. பிடிச்சாப் போதும், கழுத்தை நெறிக்க வேண்டாம். இறுக்கி இறுக்கித் திருகு மரையைத் தேச்சவன் எவனும் சுருதியைப் பிடிச்சதில்ல.

இப்ப சுருதி. செல்லுல முள் காட்டுற அந்தச் சாமானை எடு. பாத்தியா, அதுலயும் முள்ளுதான்! தடிச்ச கம்பி நொடிக்கு 82.4 அதிர்வு, கடைசிப் பொடிக் கம்பி 329.6. சரியா நாலு மடங்கு. ஒரே சுரம், ரெண்டு ஸ்தாயி தள்ளி. நீ என்ன செய்யிற? தடிச்ச ஆறாவதைச் சரியா நிறுத்திட்டு அடுத்ததுக்குப் போற. அஞ்சாவதை ஏத்தினதும் ஆறாவது எறங்குது. நாலாவதை ஏத்தினா ரெண்டும் எறங்குது. ஒடனே கிட்டாரைத் திட்டுற. கிட்டார் மேல ஒரு தப்பும் இல்ல. கல்யாண வீட்டுல ஆறு மாமன்மார் வந்து உக்காந்திருக்காங்க. ஒருத்தருக்கு மாலை போட்டா மத்த அஞ்சு பேருக்கும் மூஞ்சி தொங்கத்தான் செய்யும். எல்லாருக்கும் போட்டு முடிச்சிட்டுத் திரும்பிப் பாத்தா மொத மாமன் மறுபடி தொங்கிக்கிட்டிருப்பாரு. ஒரு பாட்டுக்காகத் தடிச்ச கம்பியை மட்டும் ஒரு படி எறக்குறேன்னு போனியே, அது ஒரு மாமனைப் பந்தியில இருந்து எழுப்பிவிட்ட மாதிரி. மிச்ச அஞ்சு பேரும் ஏறிக்கிட்டுச் சண்டைக்கு வருவாங்க. ஆட்டுற பிரிட்ஜ்ல அந்த வேலையே வேண்டாம்.

அதனால எந்தக் கம்பியையும் துல்லியமா நிறுத்தப் பாக்காத. சுத்து ஒண்ணுல ஏறக்குறைய. சுத்து ரெண்டுல கொஞ்சம் கிட்ட. மூணு, நாலு, அஞ்சுன்னு சுத்திக்கிட்டே வா. ஒவ்வொரு சுத்துலயும் தொங்குறது கொறையும். நடுவுல கம்பியை விரலால தூக்கித் தூக்கி இழுத்து விடு. புதுக் கம்பி புதுச் செருப்பு மாதிரி, விட்டுக்கொடுத்த பெறகுதான் கால்ல நிக்கும்.

பெறகு வாலைப் பாரு. தூக்கியிருந்தா, முதுகுக் குழியில ஸ்பிரிங்கெல்லாம் மாட்டியிருக்குற நகம் மாதிரித் தகடு இருக்குல்ல, அதை மரத்தோட பிடிச்சிருக்குற ரெண்டு நீளத் திருகை உள்ளாற முறுக்கு. அரைச் சுத்து. எறங்கியிருந்தா வெளிய விடு, அதுவும் அரைச் சுத்து. அரைச் சுத்துன்னா அரைச் சுத்துதான். உங்க அப்பன் 'ஒரு அரை தோசை'ன்னு மூணு தின்னுவானே, அந்தக் கணக்கு இல்ல. முறுக்கின பெறகு மறுபடி ஆறு மாமனுக்கும் மாலை. மறுபடி வாலைப் பாரு. திருகை முழுக்க உள்ள விட்டும் வால் எறங்க மாட்டேங்குதா, ஸ்பிரிங் நாலாவது ஒண்ணு மாட்டு. வத்தல் கூடுனா படிக்கல்லைக் கூட்டணும், தராசை ஏசக்கூடாது. அந்தத் தகடுல ஒரு ஒயர் பத்தவச்சிருக்கும், பிடுங்கிராத. பட்டாசு ஆலையில ஷெட்டுக்குள்ள போறதுக்கு முந்தி தகட்டுல கையை வச்சு எர்த் கொடுத்துட்டுப் போறாங்கள்ல, அந்தச் சோலிதான் அதுக்கும். அது அத்துப்போனா மேடையில வண்டு பறக்கும்.

கத்தி முனை உக்காந்திருக்குற ரெண்டு ஆணி இருக்கே, கம்பி இறுக்கமா நிக்கும்போது அதைத் திருகுறது மகா பாவம். முனை மழுங்கும். முனை மழுங்கின தராசு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடை சொல்லும். எங்க காலத்துல அதுக்கு முத்திரை போட மாட்டான். அமுக்கி விட்டா ஒரு எடத்துல நிக்குது, தூக்கி விட்டா இன்னொரு எடத்துல நிக்குதுன்னா முனையைப் பாரு. ஒரு சொட்டு வாஸ்லின் தடவு. அதுக்கும் கேக்கலேன்னா முனை போச்சுன்னு அர்த்தம்.

இன்னும் பூட்டு வரல பாத்தியா? உனக்கு மொதல் வேலையே அதுதான். நான் இம்புட்டு நேரம் பேசினதுல பூட்டு கடைசி. பூட்டு சுருதி கொண்டாராது. நீ எதைச் சேத்து வச்சியோ அதைப் பிடிச்சு வைக்கும், அம்புட்டுத்தான் அதுக்குத் தெரிஞ்ச தொழில். வால் மட்டமா நிக்கணும், அஞ்சாறு தடவை ஆட்டிவிட்டும் முள் திரும்ப வந்து நிக்கணும், பின்னால உள்ள குட்டித் திருகாணி ஆறும் நடுவாந்திரத்துல இருக்கணும். நீ ஆறையும் கடைசி வரைக்கும் திருகிட்டுப் பூட்டியிருக்க. இனிமே ஏத்தணும்னா எங்க போவ? நடுவுல வச்சுட்டு, நட்டுல உள்ள மூணு இரும்புத் துண்டையும் 3 மில்லிமீட்டர் ஆலன் கீயால இறுக்கு. இறுக்கும்போது சுருதி ஒரு பொட்டு ஏறும், பயந்துக்காத. அதைக் குட்டித் திருகாணியில எறக்கிக்கோ. அதோட முறுக்காணிக்கும் உனக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. பூட்டின பெறகும் முறுக்காணியைத் திருகிக்கிட்டிருந்தியே, வால்வை மூடிட்டு மோட்டாரைப் போட்டவன் மாதிரி. தண்ணி வராது, குழாய்தான் வெடிக்கும்.

மூஞ்சியை ஏன் தூக்குற? உன் சோலியிலயே இதை நீ தெனமும் செய்யிறவன்தான். ஆப்செட்டுல நாலு கலர் ஓட்டுற. நீலம் ஒரு மயிரிழை நகந்தா கேலண்டர் முருகன் வாயில உள்ள சிரிப்பு கன்னத்துக்குப் போயிரும். ஒரு பிளேட்டை மட்டும் சரி பண்ணிட்டு மெஷினைப் பூட்டி ஓட்டுவியா? ரிஜிஸ்டர் பாத்து, ஒரு தாள் எடுத்து, கண்ணாடி வச்சுப் பாத்து, மறுபடி நகத்தி, மறுபடி ஒரு தாள். அங்க அம்புட்டுப் பொறுமை, இங்க வந்தா மட்டும் புஸ்வாணம்.

மழை நாள்ல பேப்பர் ஈரங்குடிச்சு ரிஜிஸ்டர் ஓடுதுன்னு பொலம்புவியே, இந்தக் கழுத்து மட்டும் என்ன, மரந்தானே? மழை பேயாத ஊருன்னுதான் இங்க தீப்பெட்டியும் பட்டாசும் அச்சாபீசும் தழைச்சது. சித்திரை வெயில்ல கழுத்து காயும், ஐப்பசி மழையில ஊறும். காஞ்சா ஒரு பக்கம் வளையும், ஊறினா ஒரு பக்கம். மொத மெட்டையும் கடைசி மெட்டையும் அமுக்கிப் பிடிச்சு நடுவுல எட்டிப் பாரு. நீ அச்சடிக்கிற விசிட்டிங் கார்டு ஒண்ணு போற எடைவெளி இருந்தாப் போதும். இல்லேன்னா கழுத்துக்குள்ள ஓடுற இரும்புத்தண்டைக் கால் சுத்து திருகிட்டு விட்டுரு. இதைப் பிரிட்ஜ்ல கை வைக்கிறதுக்கு முந்தியே செஞ்சிருக்கணும். நான் இப்பச் சொல்றேன்னா, நீ கேக்கும்போது அதை விட்டுட்டேன்னு அர்த்தம், வயசாயிருச்சு. 12-வது மெட்டுல அமுக்கின சுரமும் அமுக்காம தொட்டு எடுத்த சுரமும் ஒத்துப்போகுதான்னும் பாத்துக்கோ. அமுக்கினது ஏறியிருந்தா, அந்தக் கம்பியைத் தளத்திட்டு, பிரிட்ஜ்ல அது உக்காந்திருக்குற குட்டி மேடையைப் பின்னால தள்ளு. அது ஒரு நாள் சோலி, இன்னைக்கு வேண்டாம்.

தீப்பெட்டின்னதும் ஞாபகம் வருது: 1922-ல நம்ம சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினாங்க. தீப்பெட்டி வாங்கிட்டு வரவா போனாங்க? தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்தாங்க. நீ மதுரைக்குப் போயி வாங்கிட்டு மட்டும் வந்திருக்க. அம்புட்டுத்தான் வித்தியாசம்.

இப்ப அந்தக் கோயில் வாசல் குண்டு. பங்குனிப் பொங்கலுக்கு ஊரே கூடி நிக்குது. உங்க கச்சேரி. ரெண்டாவது பாட்டு, 'மூடுபனி'யில வந்த 'என் இனிய பொன் நிலாவே'. 1980-ல வந்த பாட்டு, இன்னைக்கும் கிட்டார்னு சொன்னா சனம் கேக்குறது அதைத்தான். அந்தப் பாட்டுல ஆட்டுற கம்பிக்கு என்ன வேலை? ஒரு வேலையும் கெடையாது. நீ சும்மா இருந்தியா? பிடிச்சு அமுக்கின. பொடிக் கம்பி பட்டுன்னு அறுந்துச்சு. ஒரு தட்டுல பாரம் போச்சு, அடுத்த தட்டு எறங்குச்சு, மிச்சம் அஞ்சு கம்பியும் சேந்து மேல ஏறிக்கிச்சு. பாடுறவன் ஒரு சுருதி, நீ ஒரு சுருதி, கீபோர்டுக்காரன் உன்னைப் பாத்த பார்வை ஒரு சுருதி. சரி, மாத்தலாம்னா ஆலன் கீ எங்க? வீட்டுல, சாமி படத்துக்குப் பின்னால.

நாதஸ்வரக்காரரைப் பாத்திருக்கியா? கோவில்பட்டியில இருந்தாரே காருகுறிச்சி அருணாசலம், அவர் காலத்துல இருந்து இன்னைக்கு மொட்டை வெயில்ல வாசிக்கிறவர் வரைக்கும், வாத்தியத்துல நூலைக் கட்டிச் சீவாளியைக் கொத்தாத் தொங்கவிட்டிருப்பாங்க. அழகுக்குன்னு நெனச்சியா? ஒண்ணு நடுவுல மக்கர் பண்ணினா அடுத்தது. ராகம் நிக்காது. அவங்க வாத்தியத்துல பூட்டும் கெடையாது, ஸ்பிரிங்கும் கெடையாது. நீ பூட்டை மாட்டிட்டுச் சாவியை வீட்டுல வச்சிட்டு வந்த.

அடுத்த கச்சேரிக்கு ரெண்டு செட்டுக் கம்பி, வெட்டுறதுக்கு ஒரு கட்டர், ஆடாத பிரிட்ஜ் வச்ச பழைய கிட்டார் ஒண்ணு. யாருகிட்டயாச்சும் எரவல் வாங்கியாவது மேடைக்குப் பின்னால சாத்தி வை. பொன் நிலாவுக்கு அதுவே போதும். குண்டு போடுற பாட்டு வந்தா இதை எடு.

சரி, எழுந்திரி, கேலண்டர் அட்டையைக் கொண்டா. செவுத்துக்கு அங்கிட்டு நின்னு ஒட்டுக் கேட்டுக்கிட்டிருக்குற தம்பிமாரே, உங்களுக்கும் சேத்துத்தான் சொன்னேன். அந்த 3 மில்லிமீட்டர் சாவி இனிமே, கச்சேரி நாள் தவிர, என் அரைஞாண்கயித்துலதான் தொங்கும். கம்பி மாத்தணும்னா ஞாயித்துக்கெழமை சாயங்காலம் வாங்க. கூலி, பொரிச்ச பரோட்டா நாலு, சால்னா தனியா.